ஈயச் சொம்பிலிருந்து வெந்நீர் அடுப்பு வரை: வேதியியல் டீச்சர் பதில்கள்

31 வருடம் அரசுப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது வலங்கைமான் பக்கம் கொல்லையும் கிணறுமாக உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுப் பழக்கங்களை உடம்புக்கும் ஊருக்கும் கெடுதலில்லாமல் மாற்றிக்கொள்வது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஏகப்பட்டது வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பாதிக் கேள்விகள் "எதை வாங்கலாம்?" என்று முடிகின்றன. என் பதில்களில் பாதி "எதையும் வாங்க வேண்டாம்" என்று முடியும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கும்பகோணம்: டீச்சர், கல்யாணமாகி வந்து ஆறு மாதம் ஆகிறது. மாமியார் ரசம் வைப்பது ஈயச் சொம்பில்தான். ஈயம் விஷம் என்று படித்திருக்கிறேன். சொல்லவும் பயம், சாப்பிடவும் பயம்.

இரண்டு உலோகங்களை ஒரே பேரில் கூப்பிடுவதால் வந்த வம்பு இது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. ரசச் சொம்பு வெள்ளீயத்தில் செய்யவேண்டியது. பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் அதைத்தான். புளி பட்டாலும் அதனால் பெரிய கெடுதல் இல்லை. விஷம் என்று நீங்கள் படித்தது காரீயம். புளியும் எலுமிச்சையும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம்கூட ஓர் அளவு சொல்வதில்லை.

காரீயம் மலிவு, வெள்ளீயம் விலை கூடுதல். அதனால்தான் கலப்படம். வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். சொம்பின் விளிம்பை வெள்ளைக் காகிதத்தில் அழுத்தித் தேயுங்கள். பென்சிலால் கிழித்த மாதிரி சாம்பல் நிறக் கோடு விழுந்தால் காரீயம் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். கோடு விழாவிட்டால் சுத்தம் என்று அர்த்தமில்லை, கொஞ்சமாகக் கலந்திருந்தால் காகிதம் காட்டிக்கொடுக்காது. உறுதியாகத் தெரிய உலோகப் பரிசோதனை செய்யும் ஆய்வகம்தான் வழி.

சுத்தமான வெள்ளீயம் என்றாலும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். அது 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, சொம்பு பிழைக்கும். காலிச் சொம்பு பிழைக்காது. என் அம்மா ஒருமுறை அதை அடுப்பில் வைத்துவிட்டுக் கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைக்குப் போனார். திரும்பி வந்தபோது சொம்புக்கு அடி இல்லை. முதலில் புளித்தண்ணீரை ஊற்றுங்கள், அப்புறம் அடுப்பை ஏற்றுங்கள், தீயைச் சிறியதாக வையுங்கள். தாளிப்பதைத் தனிக் கரண்டியில் தாளித்துக் கொட்டுங்கள்.

மன்னார்குடி: ஆர்ஓ மெஷின் போடச் சொல்லி விற்பனைப் பையன் தினமும் வருகிறான். போடலாமா?

உங்கள் வீட்டுத் தண்ணீரின் டிடிஎஸ் என்ன என்று அவனைக் கேட்டீர்களா? அது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாத ஊரில் 2000 வரை விட்டுக்கொடுக்கிறார்கள். கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீரோ நல்ல குழாய்த் தண்ணீரோ வந்து, 500க்குள் இருந்தால் ஆர்ஓ தேவையில்லை. கிருமிக்குப் பயமா? நன்றாகத் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள், போதும்.

வேதாரண்யம், கோடியக்கரை மாதிரிக் கடலோரத்தில் உப்புத் தண்ணீர்தான் என்றால் கதை வேறு, அங்கே ஆர்ஓவுக்கு வேலை இருக்கிறது. ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகும். அதைக் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் பிடித்து வையுங்கள். செடிக்கு ஊற்றாதீர்கள், உள்ளே வந்ததைவிட உப்பு கூடித்தான் அது வெளியே போகிறது.

டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டாது, அதையும் நினைவில் வையுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒருமுறை தண்ணீரைக் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மயிலாடுதுறை: ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தால் கலங்கலாக இருக்கிறது. தேத்தாங்கொட்டை போட்டால் போதுமா?

தெளியும். பானையின் உள்பக்கம் கொட்டையை உரைத்துவிட்டு ராத்திரி முழுக்க வைத்தால் வண்டல் அடியில் போய்விடும். நம் பாட்டிகள் சொன்னது சரிதான். ஆனால் தெளிந்த தண்ணீர் வேறு, கிருமியில்லாத தண்ணீர் வேறு. தெளியவைத்து, வடிகட்டி, அப்புறம் கொதிக்கவையுங்கள்.

திருவையாறு: கொல்லையில் வெந்நீர் அடுப்பு இருக்கிறது. பால் பாக்கெட், பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் அப்பா அதில்தான் போடுகிறார். "குப்பையும் தீர்ந்தது, வெந்நீரும் ஆச்சு" என்கிறார்.

எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். விறகு பற்றவில்லை என்றால் ஒரு பையைச் சுருட்டிச் சொருகுவார்கள். வெந்நீர் அடுப்பின் சூடு பிளாஸ்டிக்கை முழுக்க எரிக்கப் போதாது. அரைகுறையாகக் கருகி வரும் புகையை நேரே மூக்கில் வாங்குவது அடுப்புக்கு முன்னால் குந்தியிருப்பவர்தான். குளோரின் உள்ள பிவிசி மாதிரியான பொருள் கலந்திருந்தால் டையாக்சின் என்ற நச்சும் சேர்ந்துகொள்ளும்.

புகையைச் சொன்னால் அப்பா கேட்கமாட்டார். சாம்பலைச் சொல்லிப் பாருங்கள். அந்த அடுப்புச் சாம்பலைத்தானே பாத்திரம் தேய்க்க எடுக்கிறீர்கள்? கத்தரிச் செடியில் பூச்சிக்கென்று தூவுவதும் அதைத்தானே? பிளாஸ்டிக் எரிந்த மிச்சம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. விறகும் மட்டையும் மட்டும் எரிந்த சாம்பல்தான் தட்டுக்கும் செடிக்கும் ஆகும்.

பற்றவைக்கப் பன்னாடையைவிட நல்லது எது? தென்னை இருக்கிற வீட்டில் பைக்கு என்ன அவசியம்? பால் பாக்கெட்டை ஓரத்தில் வெட்டும்போது நுனியைத் தனியாகத் துண்டித்துவிடாமல் தொங்கவிடுங்கள். கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். என் வீட்டில் கொடியில் துணிக்கிளிப்போடு பால் பாக்கெட்டும் காய்கிறது. பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

திருவாரூர்: ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் மூன்று பானை வாங்கி, சமையல் கழிவில் உரம் தயாரிக்க ஆரம்பித்தேன். ஐப்பசி மழையில் ஒரே நாற்றம், புழு வேறு. மனைவி இறுதி எச்சரிக்கை கொடுத்துவிட்டார்.

நாற்றம் வந்தால் ஈரம் கூடி, காற்று குறைந்துவிட்டது என்று பொருள். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக்கொண்டால் அழுகல்தான். சமையல் கழிவில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம், அதற்குச் சமமாகக் காய்ந்த பொருள் வேண்டும். பலர் இதற்கென்று தேங்காய்நார்க் கழிவைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அறுவடை முடிந்தால் வைக்கோல் குவிந்துகிடக்கும் சீமையில் இருந்துகொண்டு! வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு சாக்கில் நனையாமல் வைத்துக்கொள்ளுங்கள். காய்கறிக் கழிவு ஒரு பங்கு போட்டால் மேலே வைக்கோலோ சருகோ இரண்டு பங்கு. வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள். தொடங்கும்போது கொஞ்சம் புளித்த மோரோ சாணிக் கரைசலோ தெளித்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

சாம்பாரும் ரசமும் மிஞ்சினால் அப்படியே ஊற்றாமல் வடித்துவிட்டுச் சக்கையைப் போடுங்கள். மீன் கழிவைப் பானையில் வேண்டாம், பூனை உங்களைத் தூங்கவிடாது. வாழை மரத்தடியில் ஒரு முழம் தோண்டிப் புதையுங்கள்.

புழு தடிமனாக, அழுக்கு வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் அது கறுப்புப் படைவீரன் ஈ என்று சொல்கிற ஈயின் புழு. கடிக்காது, நோய் பரப்பாது, உங்கள் வேலையை வேகமாக முடித்துக்கொடுக்கும். ஆனால் வீட்டம்மாவிடம் இதை எடுத்துச் சொல்வதைவிட, மேலே வைக்கோல் மூடி இருப்பதுபோல் பார்த்துக்கொள்வது சுலபம். அடிப்பானையில் மழைத்தண்ணீர் நிற்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

நாகப்பட்டினம்: கொசுவத்தி ஏற்றாமல் குழந்தையைத் தூங்கவைக்க முடியவில்லை அக்கா.

ஒரு கொசுவத்தி முழுக்க எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டிலிருந்து வரும் அளவுக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு வெளியானது. கதவைச் சாத்திக்கொண்டு அதைக் குழந்தை பக்கத்தில் ஏற்றாதீர்கள். நொச்சி இலைப் புகையும் புகைதான், மூலிகை என்பதால் நுரையீரல் சலுகை காட்டாது. கொசுவலை கட்டுங்கள். பகல் தூக்கத்துக்கும் கட்டுங்கள், டெங்குக் கொசு கடிப்பது பகலில்.

அந்தக் கொசு பிறப்பது சாக்கடையில் இல்லை, சுத்தமான தண்ணீரில். கொல்லையில் போட்டுவைத்த ஆட்டுக்கல்லின் குழி, கொட்டாங்குச்சி, ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருக்கும் தட்டு, மூடாத தொட்டி, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த சாசர். முட்டை கொசுவாக ஒன்றரை வாரம் போதும். அதனால் வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் கவிழ்த்து உள்சுவரைத் தேய்த்துவிடுங்கள். வெறுமனே கொட்டினால் போதாது. சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தபடியே பல மாதம் காத்திருந்து அடுத்த மழையில் பொரிக்கும். ஆட்டுக்கல்லில் மண்ணை நிரப்பி ஒரு கற்பூரவல்லி நட்டுவிடுங்கள்.

பாபநாசம்: கழிப்பறை பளிச்சென்று ஆக ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்துப் போடுகிறோம். சரிதானே?

உடனே நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்னக் கழிப்பறைக்குள் அதை மூச்சில் இழுத்தால் ஆளைச் சாய்த்துவிடும். ஒன்று போட்டால் இன்னொன்று கிடையாது, அதே நாளில்கூட.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். நம் பக்கம் "செப்டிக் டேங்க்" என்று பலர் சொல்வது உண்மையில் அடியில் தளம் போடாத உறைக் குழி. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்துக்கு ஏறிவிடும் பூமி இது. குழி தண்ணீரும் அடிபம்புத் தண்ணீரும் மண்ணுக்குள் கைகோத்துக்கொள்ளும். கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடத்துக்கும் குடிக்கும் தண்ணீருக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர், ஏறக்குறைய 60 அடி, இடைவெளி வேண்டும். பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்து அளக்கவேண்டும், அதை யாரும் அளப்பதில்லை. இடைவெளி இல்லையென்றால் அந்தப் பம்புத் தண்ணீரைத் துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஆசிட்டை அள்ளி ஊற்றினால் தொட்டிக்குள் மலத்தை மக்கவைக்கும் பாக்டீரியாவும் செத்துவிடும், தொட்டி சீக்கிரம் நிரம்பும். நிரம்பினால் லாரியைக் கூப்பிடுங்கள். ஆளை இறக்காதீர்கள். சட்டம் 2013லேயே தடுத்திருக்கிறது, உள்ளே இருக்கும் வாயு கொல்லும்.

வலங்கைமான், பக்கத்துத் தெருவிலிருந்து: பழத்தோலில் பயோ என்சைம் செய்தால் பினாயில் வேண்டாமாமே?

வெல்லம் 1, தோல் 3, தண்ணீர் 10, மூன்று மாதம். நானும் செய்கிறேன். தரை துடைக்க வாசனையாக நன்றாக இருக்கிறது, மிதமான அமிலம் அது. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் அதை நம்பாதீர்கள், அன்றைக்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல்தான்.

திருத்துறைப்பூண்டி: அப்பாவுக்குச் சர்க்கரை. மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறிவிட்டோம், இனி அளவு பார்க்க வேண்டாம்தானே?

உங்கள் ஊரைச் சேர்ந்த நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்டவர். அவர் உழைப்புக்காகவே அந்த அரிசியை வாங்கலாம். ரசாயன உரம் அதிகம் கேட்காது என்பதால் வயலுக்கும் நல்லது. ஆனால் அதுவும் அரிசிதான், மாவுச்சத்துதான். தவிட்டோடு இருந்தால் நார்ச்சத்து சேர்ந்து சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறும். பளபளவென்று தீட்டிவிட்டால் பேர் மட்டும்தான் மாப்பிள்ளைச் சம்பா. தட்டில் பாதி காய்கறி, கால்வாசி சோறு என்று வையுங்கள். மாத்திரையை நிறுத்துவது பற்றி டாக்டரிடம் மட்டும் பேசுங்கள்.

தஞ்சாவூர், கல்லூரி மாணவி: மாதவிடாய்க் கப் பாதுகாப்பா டீச்சர்? அம்மாவிடம் கேட்கச் சங்கடம்.

என்னிடம் கேட்டாயே, அதுவே போதும். மருத்துவத்தர சிலிகோன் என்றால் பாதுகாப்பு. மாதத்துக்கு ஒருமுறை கொதிக்கவைக்க வேண்டும், 12 மணி நேரத்துக்குள் கொட்டிக் கழுவவேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 வருடம் வரை வரும். பிடிக்கவில்லை என்றால் துணி நாப்கின். அதை உள்ளறையில் மறைத்துக் காயவைக்காதே, வெயிலில் போடு. கொடியில் என் பால் பாக்கெட் காயவில்லையா?

தஞ்சாவூர்: மின்சாரக் கட்டணம் குறைய ஒரு வழி சொல்லுங்கள்.

பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்ற சிக்கன மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் அளவில் முடித்துக்கொள்ளும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு மாதம் 20 யூனிட் மிச்சம். இரண்டு மாதப் பில்லில் 40. இதுதான் நான் வாங்கச் சொல்லும் ஒரே பொருள், அதுவும் பழையது கெட்டுப்போகும்போது, அதிகம் ஓடும் அறையில் முதலில். ஏசி இருந்தால் 24க்குக் கீழே இறக்காதீர்கள்.

ஒரத்தநாடு: தங்கை கல்யாணத்துக்குப் பேப்பர் தட்டு, பேப்பர் கப். இயற்கைக்கு நல்லதுதானே?

உள்பக்கம் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெல்லிய பிளாஸ்டிக் படலம் உரியும். அப்படிப் படலம் பூசிய தட்டுக்கும் கப்புக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சூடான காபியைப் பேப்பர் கப்பில் 15 நிமிடம் வைத்தால் 100 மில்லியில் 25,000 பிளாஸ்டிக் துகள் இறங்குவதாக கரக்பூர் ஐஐடி 2020இல் கண்டது. திருவையாற்று வாழை இலையும், வாடகைக்கு எவர்சில்வர் டம்ளரும் எடுங்கள். டபராவில் குடிக்காத காபி எனக்குக் காபி கணக்கிலேயே வராது, அது தனி.

கும்பகோணம், மறுபடியும்: டீச்சர், காகிதத்தில் தேய்த்தேன். கோடு விழுந்தது. மாமியாரும் பார்த்துவிட்டார், பேசாமல் இருக்கிறார்.

சொம்பை இன்றைக்கே அடுப்படியிலிருந்து எடுத்துவிடுங்கள். பரிசோதனை முடியும்வரை அதில் எதுவும் வைக்க வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், ரத்தத்தில் காரீயம் பார்க்கும் சோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். முக்கியமாக, பழைய பாத்திரத்துக்குப் புதுசு என்று கடையில் போட்டுவிடாதீர்கள். உருக்கினால் அதே காரீயம் இன்னொரு வீட்டுக்குச் சொம்பாகப் போகும். துணியில் சுற்றி, குழந்தைக்கு எட்டாத பரணில் வையுங்கள்.

மாமியாரைக் குற்றம் சொல்வதுபோல் எதுவும் பேசாதீர்கள், ஏமாந்தது அவர்தான். எவர்சில்வரில் ருசி வரவில்லை என்பார். மிளகைக் கொஞ்சம் கூட்டித் தட்டிப்போட்டு, நுரை கூடியதும் உடனே இறக்கச் சொல்லுங்கள்.