சோலார் போட்டா 78,000 மானியம் நெஜமாவே கைக்கு வருமா, கரண்ட் பில் குறையுமா?

வரும். எனக்கு வந்துச்சு. ஆனா நீங்க கேட்ருக்கறது "தமிழ்நாட்டுல சொந்த வீடு, ரெண்டு மாச பில் எகிறுது, 78,000 மானியம் தர்றாங்களாமே, போட்ரலாமா"ன்னு. மானியத்த வச்சு முடிவு பண்ணாதீங்க, உங்க இபி ரீடிங்க வச்சு பண்ணுங்க. நான் 2025ல மதுரைல எங்க வீட்டுக்கு மூணு கிலோவாட் போட்டவன், அதே வருஷம் என் தங்கச்சி வீட்டுக்கு வேணாம்னு சொன்னதும் நான்தான், அதனால ரெண்டுக்கும் கணக்கு சொல்றேன்.

முதல்ல மானியம். பிஎம் சூர்யா கர்னு 2024 பிப்ரவரில மத்திய அரசு ஆரம்பிச்ச திட்டம். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணாவது கிலோவாட்டுக்கு 18,000 மட்டும், ஆக 78,000, அதுக்கு மேல நீங்க பத்து கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். விளம்பரத்துல "வெறும் ஒண்ணே கால் லட்சம்"னு போட்ருப்பான், அது மானியத்த கழிச்சுட்டு சொல்ற விலை, முழு பணத்தையும் முதல்ல நாமதான் எண்ணி வைக்கணும், மானியம் எல்லா வேலையும் முடிஞ்சு நெட் மீட்டர் (லைனுக்கு போறது, லைன்லருந்து வர்றது ரெண்டையும் அளக்கற மீட்டர்) மாட்டி இன்ஸ்பெக்ஷன் முடிஞ்ச பிறகு நம்ம அக்கவுண்டுக்கு வரும். கையில காசு இல்லாதவங்களுக்கு ரெண்டு லட்சம் வரைக்கும் ஜாமீன் இல்லாம லோன் இருக்கு, வட்டி ரெப்போ ரேட்டுக்கு (ரிசர்வ் வங்கி பேங்குகளுக்கு கடன் குடுக்கற வட்டி) மேல அரை சதவீதம்தான், பெர்சனல் லோன விட ரொம்ப கம்மி.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ல முதல் 100 யூனிட் ஃப்ரீ, 2016 மே மாசத்துலருந்து எல்லா வீட்டுக்கும். ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள நின்னா 101லருந்து 200 வரைக்கும் கிட்டத்தட்ட பாதி ரேட்டுதான், அதுக்கு மேல 400 வரைக்கும் யூனிட்டுக்கு 4.80 ரூபா, அப்புறம் 6.45. நான் கணக்கு போட்டப்ப இருந்த 2024 ஜூலை கட்டணம் இது, 2025 ஜூலைல ஏத்துனப்ப வீட்டு கனெக்ஷனுக்கு ஏத்தல. 500ஐ தாண்டுனீங்கன்னா அந்த பாதி ரேட்டும் போயிரும், 501லருந்து 8.55, 601லருந்து 9.65, 801லருந்து 10.70, ஆயிரத்துக்கு மேல 11.80. அதாவது 500ல நின்னா 1,850க்குள்ள வர்ற பில்லு 510 ஆனா 2,170. பத்து யூனிட்டுக்கு முன்னூறு ரூபாக்கு மேல. ஒரு நாள் ராத்திரி ஏசிய ஆஃப் பண்ண மறந்து தூங்குனா போச்சு.

சோலார் செய்யற வேலை என்னன்னா இந்த அடுக்க மேல இருந்து வெட்டுறது. பகல்ல தயாராகுறது வீட்டுக்கு போக மிச்சம் லைனுக்கு போகும், ராத்திரி லைன்லருந்து எடுப்போம், நெட் மீட்டர் ரெண்டையும் கழிச்சு மிச்சத்துக்கு பில் போடும். நம்ம வெயிலுக்கு ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு சராசரியா நாலு யூனிட், ரெண்டு மாசத்துக்கு 240னு வச்சுக்கங்க.

எங்க வீட்ல ரெண்டு ஏசி, அம்மாவுக்கு வெயில் ஆகாது, 2024 ஆகஸ்ட் பில்லு 820 யூனிட், 5,000 சொச்சம் கட்டுனேன். இதுல முதல் ரெண்டு கிலோவாட் 480 யூனிட்ட கழிச்சா மிச்சம் 340, பில்லு தொள்ளாயிரம் சொச்சம்தான் வரும், அதாவது ஒரே பில்லுல நாலாயிரத்துக்கு மேல மிச்சம். மூணாவது கிலோவாட் இன்னொரு 240ஐ கழிச்சு நம்மள அந்த ஃப்ரீ 100ல கொண்டு வந்து நிறுத்துது, பில்லு பூஜ்யம், கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த மூணாவது கிலோவாட் மிச்சம் பண்ணுனது வெறும் தொள்ளாயிரம். அதுக்கு மானியமும் 18,000தான். "கரண்ட் பில் ஜீரோ"ன்னு சொந்தக்காரங்ககிட்ட சொல்லிக்கலாம், அந்த ஆசையிலதான் நானும் மூணு போட்டேன், இன்னைக்கு போட்டா ரெண்டோட நிறுத்திருப்பேன்.

தங்கச்சி வீட்டு கதை வேற. ஒரு ஏசி, அதுவும் சித்திரை வைகாசில மட்டும், எந்த ரெண்டு மாச பில்லும் 380 யூனிட்ட தாண்டாது, மிஞ்சிப்போனா 1,100 ரூபா வரும். மாப்ளைக்கு ஆபீஸ்ல ரெண்டு பேரு போட்டதுலருந்து ஒரே ஆசை. ரெண்டு கிலோவாட் போட்டா பில்லு சுத்தமா போயிரும், வருஷத்துக்கு அதிகபட்சம் 6,600 மிச்சம். அவருக்கு வந்த கொட்டேஷன் 1,40,000, மானியம் 60,000 போக 80,000 கைக்காசு. பன்னெண்டு வருஷம் ஆகும் போட்ட காச எடுக்க. பேனல் கரண்ட வீட்டு கரண்டா மாத்தற இன்வெர்ட்டருக்கு வாரன்ட்டியே பெரும்பாலும் அஞ்சுலருந்து பத்து வருஷம்தான். வேணாம் மாப்ள, அந்த காச ஃபிக்ஸட்ல போடுங்கன்னேன், நான் மட்டும் போட்டுக்கிட்டேன்னு இன்னும் முகத்த தூக்கி வச்சிருக்காரு. ஏற்கனவே அரசு நம்ம பில்லுல பெரிய பங்க தாங்குது, அந்த சலுகைக்குள்ளயே குடும்பம் ஓடுனா சோலார் வந்து பெருசா மிச்சம் பண்ண ஒண்ணும் இல்ல.

தனி இபி கனெக்ஷன் இல்லாம வாடகை வீட்ல இருக்கறவங்க பாடுதான் பாவம், 100 யூனிட் ஃப்ரீயும் கிடையாது சோலாரும் கிடையாது, ஓனர் சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு எட்டு ரூபா பத்து ரூபான்னு வாங்கிருவாரு. சட்டப்படி தப்பு, கேட்டா வீட்ட காலி பண்ண சொல்லுவாங்க. சரி அது வேற கேள்வி. அபார்ட்மென்ட்டா இருந்தா அசோசியேஷன் பேர்ல லிஃப்ட், மோட்டார், பொது லைட்டுக்கு போடலாம், கிலோவாட்டுக்கு 18,000 மானியம்.

போடறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா எனக்கு எங்க இடிச்சுச்சுன்னு சொல்றேன். எங்க கனெக்ஷன் அப்பா பேர்ல. அப்பா 2017லயே தவறிட்டாரு, நான் சோலார் போட்டப்ப எட்டு வருஷம் ஆகியிருந்துச்சு, பில்லு கட்றோம்ல பேர யாரு பாக்கப் போறான்னு விட்டுட்டோம், 2022 கடைசில ஆதார லிங்க் பண்ண சொன்னப்பகூட என் ஆதார குடுத்து லிங்க் பண்ணிட்டு வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேன். மானியத்துக்கு விண்ணப்பிக்கற போர்ட்டல்ல இபி நம்பர அடிச்சா அப்பா பேரு வந்து நிக்குது. இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், அம்மாகிட்டயும் தங்கச்சிகிட்டயும் ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்து, எல்லாம் தேடி எடுத்து பேர் மாத்துறதுக்குள்ள ரெண்டு மாசம். வாரிசு சான்றிதழ் அரிசி டப்பாவுக்கு மேல இருந்த பழைய சூட்கேஸ்ல கிடைச்சுச்சு, லேமினேஷன் பண்ணி வச்சதால தப்பிச்சுச்சு.

அடுத்தது இனிஷியல். இபில இனிஷியல் முன்னாடி, ஆதார்ல பின்னாடி, பாஸ்புக்ல அப்பா பேரு முழுசா. நம்ம ஆளுங்களுக்குன்னே உள்ள தலைவலி இது. மானியம் இந்த பேர் பொருந்தாம ஒருதடவ நின்னு போச்சு, பேங்க்ல பேர திருத்தி திரும்ப கொடுத்ததுக்கப்புறம்தான் வந்துச்சு. அதனால சோலார் மாட்டித் தர்ற வெண்டர்கிட்ட பேசறதுக்கு முன்னாடியே இபி, ஆதார், பேங்க் மூணுலயும் பேர் ஒரே மாதிரி இருக்கான்னு பாத்துக்கங்க.

வெண்டர் விஷயத்துல நான் முதல்ல பேசுன ஆளு, பேரு வேணாம், 1,60,000க்கு முடிச்சு தர்றேன்னான், மத்தவன் எல்லாம் ரெண்டு லட்சம் சொல்றப்ப. பேனல் டிசிஆரான்னு கேட்டேன், எல்லாம் ஒண்ணுதான் சார்னான். ஒண்ணு இல்ல. டிசிஆர்னா பேனலும் சரி, அதுக்குள்ள இருக்கற சோலார் செல்லும் சரி, இந்தியாவுல செஞ்சதா இருக்கணும், அது விலை கூட, அது போட்டாதான் மானியம். மத்தது விலை கம்மி, கரண்ட் அதே அளவுதான் தரும், ஆனா 78,000 போச்சு. கொட்டேஷன்லயே டிசிஆர்னு எழுதி வாங்குங்க, போர்ட்டல்ல பதிவு பண்ணுன வெண்டரான்னு பாருங்க, அஞ்சு வருஷ பராமரிப்பு அவங்க பொறுப்புங்கறதையும் எழுத சொல்லுங்க. நான் கடைசில 1,95,000க்கு போட்டேன், மானியம் போக 1,17,000. நான் போட்டு முடிச்சு கொஞ்ச மாசத்துல, 2025 செப்டம்பர்ல, சோலார் பேனலுக்கு ஜிஎஸ்டிய 12லருந்து 5 சதவீதம் ஆக்கிட்டாங்க, என் ராசி அப்படி, நீங்க இப்ப பேசறப்ப அத கழிச்சு கேளுங்க.

மொட்டை மாடில கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி வேணும். எங்க அம்மா முதல் நாளே சொல்லிட்டாங்க, வத்தல் காயப்போட இடம் இல்லன்னா இந்த கண்ணாடி எதுவும் வேணாம்னு, அதுக்காக ஆளு நிக்கற உயரத்துக்கு ஸ்ட்ரக்சர் போட்டதுல ஒரு 15,000 கூட ஆச்சு. இப்ப பேனலுக்கு அடியில நிழல்ல உக்காந்து வத்தல் வெயில்ல காயுதான்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. தண்ணி டேங்க் நிழல், பக்கத்து வீட்டு தென்ன மரம், இத காலைல எட்டு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் மாடில நின்னு பாத்துட்டு எடத்த முடிவு பண்ணுங்க, வெண்டர் மதியம் பன்னெண்டுக்கு வந்து பாத்துட்டு போயிருவான், அப்ப எங்கயுமே நிழல் இருக்காது. புறா எச்சத்த வாரம் ஒருதடவ விடியக்காலைல கழுவணும், கொதிக்கற பேனல்ல பச்சத்தண்ணிய ஊத்தாதீங்க.

இன்னொண்ணு, இத எந்த வெண்டரும் தானா சொல்ல மாட்டான். கரண்ட் கட் ஆனா சோலாரும் கட். லைன்ல கரண்ட் இல்லாதப்ப நம்ம வீட்லருந்து கரண்ட் வெளிய போனா கம்பத்துல ஏறி நிக்கற லைன்மேனுக்கு ஷாக் அடிச்சுரும், அதனால இன்வெர்ட்டர் தானா நின்னுரும், அப்படித்தான் செஞ்சிருக்காங்க. கட் ஆனப்பவும் எரியணும்னா ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தனியா வாங்கணும், அதுக்குன்னு மானியம் ஒரு பைசாகூட கூடுதலா வராது. ஐப்பசில ஒருநாள் அடிச்ச மழைல எங்க தெருவுக்கே மதியத்துலருந்து கரண்ட் இல்ல, சாயங்காலம் மூணாவது வீட்டு அக்கா கையில ரெண்டு போனு, ஒரு எமர்ஜென்சி லைட்டோட வந்து "தம்பி, நீங்கதான் சோலார் போட்ருக்கீங்கல்ல, இத கொஞ்சம் சார்ஜ் போட்டு வைங்க"ன்னு வாசல்ல நிக்கறாங்க. உள்ள அம்மா மெழுகுவத்திக்கு தீப்பெட்டி தேடிக்கிட்டு இருந்தாங்க.