பெரிய ஆட்டக்காரர் நல்ல கோச் ஆவாரா?

கேள்வி: எங்கள் ஊரில் முன்னாள் நட்சத்திர வீரர் ஒருவர் கோடை லீவில் ஃபுட்பால் கேம்ப் நடத்துகிறார். "அவ்வளவு பெரிய ஆட்டக்காரர், அவரைவிட யார் நல்லா சொல்லித் தந்துவிட முடியும்" என்கிறார் என் கணவர். நம்பிப் பையனைச் சேர்க்கலாமா?

பதில்: உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. மற்றப் பாதியை நான் இரண்டு வருஷம் வெறுங்காலோடு அனுபவித்திருக்கிறேன்.

எனக்குத் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடி, கேரள எல்லையை ஒட்டிய மீன்பிடி ஊர்கள். இங்கே கிரிக்கெட்டுக்கு இரண்டாவது இடம்தான். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக் ஃபுட்பால்) ஆடிய மைக்கேல் சூசைராஜ் எங்கள் பக்கத்து இரவிபுத்தன்துறைக்காரர். உலகக் கோப்பை வந்தால் தெருவெல்லாம் அர்ஜென்டினா, பிரேசில் கொடிதான். ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி இருக்கும், சாப்பாட்டுக்கு மட்டும் ஒன்றுசேருவார்கள்.

1998-ல் நான் எட்டாம் வகுப்பு. அந்த வருஷம்தான், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிற ஒருவர் ஊருக்குத் திரும்பினார். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி ஆடியவர். பெயர் வேண்டாம். செவன்ஸ் ஆட்டத்துக்கு (அணிக்கு ஏழு பேர்) அவர் வருகிறார் என்றால் பக்கத்து ஊரிலிருந்தும் கூட்டம் வரும். அவரே எங்களுக்கு கோச் என்றதும் மூன்று நாள் தூக்கம் பிடிக்கவில்லை.

முதல் நாள் மைதானத்தின் ஓரத்திலிருந்து ஒரு கிராஸைப் போடச் சொன்னார். வந்த பந்தைத் தொடையில் வாங்கி, தரையில் விழுவதற்குள் திருப்பி அடித்தார். வலை கிழிகிற சத்தம். "இவ்வளவுதான். சும்மா அடி." நாங்கள் அடித்தோம். பந்து கடலுக்குப் போனது. "எப்படிண்ணா?" என்று கேட்டால், "எப்படின்னா? இப்படித்தான்!" என்று இன்னொரு தடவை அடித்துக் காட்டுவார். மறுபடியும் கோல். ஒரு மணி நேரப் பயிற்சியில் பாதி நேரம் பந்து அவர் காலில்தான் இருக்கும், நாங்கள் சுற்றி நின்று வாய் பிளந்துகொண்டிருப்போம். எங்களுக்கு வராதபோது அவருக்குக் கோபம் வரும். இவ்வளவு சுலபமான காரியம் வரவில்லை என்றால் சோம்பேறித்தனம் இல்லாமல் வேறென்ன? அவர் அப்படித்தான் நினைத்தார். இன்று யோசித்தால் அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை.

தேங்காய் அரைத்த மீன்குழம்புக்கு எவ்வளவு உப்பு என்று என் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். "அது ஒரு கணக்கு" என்பார். அந்தக் கணக்கு அவர் கையில் இருக்கிறது, வாயில் இல்லை. பத்து வயதிலேயே படிந்துவிட்ட வித்தை எல்லாம் அப்படித்தான். எந்தப் படியிலும் தடுக்கி விழாமல் ஏறியவருக்கு அங்கே படி இருந்ததே ஞாபகம் இருக்காது.

அடுத்த வருஷம் அவருக்குச் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பொறுப்பு மெக்கானிக் மாமா தலையில் விழுந்தது. வள்ளங்களுக்கு எஞ்சின் ரிப்பேர் பார்ப்பவர், எப்போதும் மண்ணெண்ணெய் வாடை. ஒரு காலத்தில் ஊர் டீமில் ரிசர்வ். ஏழெட்டு வருஷம் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார் என்று ஊரே கிண்டல் செய்யும். எங்களுக்கும் அவரைக் கண்டால் இளக்காரம்தான்.

அவர் எங்களை மைதானத்துக்கு அழைத்துப் போகவில்லை. அலை ஏறி இறங்கின ஈர மணலுக்குக் கூட்டிப்போய்ப் பந்தை வைத்து அடிக்கச் சொன்னார். நான் அடித்தேன், வழக்கம்போல் போஸ்டுக்கு மேலே போனது. பந்து போன திசையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து மணலைப் பார்த்தார். "லேய் மக்கா, பந்து எங்க போச்சுன்னு எதுக்கு பாக்க? ஒன் இடது கால் எங்க நிக்குன்னு பாரு." ஊன்றி நின்ற என் இடது கால் தடம் பந்து இருந்த இடத்துக்கு ஒரு சாண் பின்னால், விரல் எல்லாம் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு கிடந்தது. கால் பின்தங்கினால் உடம்பு பின்னால் சாயும், பந்து மேலே எழும்பும். விரல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ பந்தும் அந்தப் பக்கம் போகப் பார்க்கும். அலை வந்து தடத்தை அழித்தது. "சரி, இப்ப அடி." அப்படி ஒரு சாயங்காலத்தில் ஐம்பது தடவையாவது இருக்கும். இருட்டுவதற்குள் தடம் பந்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்த வருஷங்களில் அவருக்கு வேறு வேலை என்ன? மற்றவர்கள் காலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

2010 ஜூலை 3 ராத்திரி இந்த இரண்டு பேரும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கோயில் முற்றத்தில் திரை கட்டியிருந்தது. அர்ஜென்டினா – ஜெர்மனி காலிறுதி. அர்ஜென்டினாவுக்குக் கோச் மரடோனா, ஆடுவது மெஸ்ஸி. லீவில் வந்திருந்த அண்ணன் நீலவெள்ளைச் சட்டையில். மூன்றாவது நிமிஷத்திலேயே ஜெர்மனி கோல் போட்டது, கடைசியில் 4–0. அந்தப் பக்கத்து கோச் யோவாகிம் லோவ் ஜெர்மனியின் சீனியர் அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். நான்கு வருஷம் கழித்து அவர்தான் உலகக் கோப்பையை வாங்கினார், அதுவும் ஃபைனலில் அர்ஜென்டினாவையே தோற்கடித்து. மெக்கானிக் மாமா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அண்ணனுக்குக் கட்டஞ்சாயா வாங்கிக் கொடுத்தார்.

அதற்காக நட்சத்திரம் என்றாலே கோச் ஆக முடியாது என்று நான் எழுதினால், பேட்மிண்டன் கோபிசந்த் என்ன ஆவது? 2001-ல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றவர். 2008-ல் ஹைதராபாத்தில் அகாடமி தொடங்கினார். அவரிடம் பயின்ற சாய்னாவுக்கு 2012 ஒலிம்பிக்கில் வெண்கலம், சிந்துவுக்கு 2016 ஒலிம்பிக்கில் வெள்ளி. ஆனால் அவர் முழங்கால் போய், கத்தி வைத்து, ஆட்டத்தையே முதலிலிருந்து கற்றுக்கொண்டுதான் அந்த 2001-க்கு வந்தார். ஒவ்வொரு படியையும் எண்ணிக்கொண்டு ஏறியவர். எனக்கு அவர் கதையில் பட்டத்தைவிட முழங்கால்தான் முக்கியமாகப் படுகிறது.

இனி அண்ணனுக்கு நியாயம் செய்யவேண்டும். அவர் லீவில் வந்திருந்த ஒரு சமயம், திருவனந்தபுரத்தில் எங்களுக்கு செவன்ஸ் ஃபைனல். அவர்தான் கூட்டிப்போனார். ஆட்டத்துக்கு முன்னால் பயத்தில் நான் மதில் பக்கம் போய் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலேயே வந்து முதுகைத் தடவிவிட்டு, "ஸ்டேட் டீமுக்கு மொத மேட்ச் அன்னைக்கு நான் ரெண்டு தடவ எடுத்தேன். எடுத்தா லேசாயிரும், வா" என்றார். அந்த வார்த்தையை மெக்கானிக் மாமா சொல்லியிருக்க முடியாது. சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அந்த இடத்துக்குப் போய்வந்தவர் சொல்கிற ஆறுதலே வேறு. (தோற்றுத்தான் போனோம். அது கிடக்கட்டும்.)

2024 டிசம்பரில் 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனாரே குகேஷ், அங்கேயும் இதைப் பார்க்கலாம். வழிகாட்டியாக விஸ்வநாதன் ஆனந்த் இருந்தார். ஆனால் கூடவே உட்கார்ந்து ஓப்பனிங் (ஆட்டத்தின் ஆரம்ப நகர்வுகள்) தயாரித்த கோச், முன்பு ஆனந்துக்கே உதவியாளராக இருந்த போலந்துக்காரர் கஜெவ்ஸ்கி. செஸ் உலகத்துக்கு வெளியே அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் ஊரில் தப்பு அண்ணனுடையது இல்லை. சொல்லித் தருவது, தைரியம் தருவது என்ற இரண்டு வேலையையும் ஒருவர் தலையிலேயே கட்டிய எங்கள் கமிட்டியுடையது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பணம் கட்டுமுன் ஒரு நாள் காலையில் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பந்து எவ்வளவு நேரம் கோச்சின் காலில் இருக்கிறது, எவ்வளவு நேரம் பிள்ளைகள் காலில்? அவர் போய் நிற்பது நன்றாக ஆடும் பையன் பக்கத்திலா, வராத பையன் பக்கத்திலா? ஒரு பையனுக்குப் புரியவில்லை என்றால் அதையே சத்தமாகச் சொல்கிறாரா, வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறாரா? கூடவே பெயர் தெரியாத உதவி கோச் ஒருவர் இருந்து, அவர் குனிந்து பிள்ளைகளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், சேர்த்துவிடுங்கள். நட்சத்திரம் வாரத்துக்கு ஒருநாள் வந்து தோளில் கைபோட்டுப் பேசினாலே போதும்.

நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியம் பக்கம் என்றால் ஆறு மணிக்கே போய்விடுங்கள். வெயில் ஏறினபிறகு பார்க்கப் போனால் பிள்ளைகளும் சோர்ந்திருக்கும், கோச்சும் நிழலுக்குப் போயிருப்பார், உங்களுக்கு ஒன்றும் விளங்காது.