சோம்பலான நாளில் எத்தனை கிலோ தூக்குவது?

வெயிட் டிரெய்னிங்கில் பாதியில் நிற்பவர்கள், நின்றுபோய் மறுபடி தொடங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நம் உடற்பயிற்சியாளரின் பதில்கள்.

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியும் ஜிம்மில் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டுகிறேன். வாரம் 6 நாள், தினமும் ஒன்றரை மணி நேரம் என்று வெறியோடு போவேன். மார்ச் வருவதற்குள் நின்றுவிடும். எனக்கு மன உறுதி இல்லையா? (ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்)

பதில்: மன உறுதியை விடுங்கள் சார், கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய "வாரம் 6 நாள்" என்பதில்தான் கோளாறு இருக்கிறது. திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் லெக் என்று பிரித்துப் பிரித்துச் செய்வது போட்டிக்குத் தயாராகிறவர்களின் வழக்கம். அவர்களுக்கு அதுதான் வேலை. உங்களுக்குப் புதன்கிழமை ராத்திரி கிளையன்ட் கால் வந்தால் அந்த வாரம் காலுக்குப் பயிற்சியே கிடையாது, வியாழன் அன்று அதை ஈடுகட்டப் பார்ப்பீர்கள், வெள்ளிக்கிழமை எல்லாம் குழம்பி "சரி, திங்கள்கிழமையிலிருந்து புதுசாக ஆரம்பிக்கலாம்" என்று வந்து நிற்பீர்கள். உலக சுகாதார அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 2 நாள் எல்லாப் பெரிய தசைகளுக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதனால் 3 நாள் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும்: தோளில் எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட், படுத்தபடி நெஞ்சுக்கு மேல் தள்ளும் பெஞ்ச் பிரஸ், குனிந்து வயிற்றை நோக்கி இழுக்கும் ரோயிங், தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட், தலைக்கு மேல் தூக்கும் ஷோல்டர் பிரஸ். 45 நிமிஷம் போதும். ஒரு நாள் தவறினாலும் எந்தத் தசையும் பட்டினி கிடக்காது.

அது ஏன் சரியாக மார்ச்? முதல் சில வாரங்களில் நீங்கள் தூக்குகிற எடை கிடுகிடுவென ஏறும். தசை வளர்ந்துவிட்டதால் இல்லை, இருக்கிற தசையை ஒன்றுசேர்த்து வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்வதால்தான் அது பெரும்பாலும் ஏறுகிறது. ஒன்றரை, இரண்டு மாதத்தில் அந்த ஓட்டம் மட்டுப்படும். கண்ணாடியிலோ இன்னும் பெரிதாக ஒன்றும் தெரியாது. எடையும் ஏறவில்லை, உடம்பும் மாறவில்லை, எதற்கு இந்த வேலை என்று தோன்றுகிற இடம் அதுதான், முக்கால்வாசிப் பேர் நிற்பதும் அங்கேதான். தசை நிஜமாகவே வளரத் தொடங்குகிற நேரமும் கிட்டத்தட்ட அதுவாக இருப்பதுதான் வயிற்றெரிச்சல்.

இன்னொன்று. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி 12 வாரம் கவனித்தார்கள். யோசிக்காமல் தானாகச் செய்கிற நிலைக்கு வர 66 நாள் என்பது நடுக் கணக்கு, ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளில் இருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. ஜனவரி 1-ல் தொடங்கினால் 66-ஆவது நாள் எப்போது வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது, அதனால் தவறிய நாளுக்காகத் தண்டனைபோல் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம்.

நடைமுறைக்கு இரண்டு விஷயம். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற ஜிம்மைப் பாருங்கள், பையை முந்தின ராத்திரியே கட்டி வண்டியில் வைத்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றால் அன்றைக்கு ஜிம் இல்லை, எழுதியே தருகிறேன். அப்புறம், உடம்பும் மனசும் ஒத்துழைக்காத நாளுக்கென்று ஒரு குட்டித் திட்டம் இருக்கட்டும்: ஸ்குவாட் 2 செட் (நிறுத்தாமல் செய்கிற ஒரு சுற்றுதான் செட்), ரோயிங் 2 செட், வழக்கமான எடையில் பாதி, 20 நிமிஷத்தில் வெளியே. எத்தனை கிலோ, ஒவ்வொரு செட்டிலும் எத்தனை தடவை என்று ஒரு நோட்டில் அதையும் எழுதுங்கள். என்னிடம் வருகிற ஒருவரின் நோட்டில் "ஸ்குவாட் 40 கிலோ, 8, 8, 7. தூக்கம் இல்லை. வந்தேன்" என்று ஒரு வரி இருக்கிறது. 80 கிலோ தூக்கிய நாளைவிட அந்தப் பக்கம்தான் எனக்குப் பிடித்தது.

(வருடக் கட்டணத்தில் தள்ளுபடி தருகிறவர்களுக்கு, பணம் கட்டிய எல்லோரும் தினமும் வந்தால் நிற்க இடம் இருக்காது என்பது நன்றாகவே தெரியும். அடுத்த முறை 3 மாதத்துக்குக் கட்டுங்கள்.)

கேள்வி: பெஞ்ச் பிரஸ் 60 கிலோவிலேயே மாதக்கணக்கில் நிற்கிறது, 65 போட்டால் நெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறது. ஆர்வமே போய்விட்டது. (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: ஒரேயடியாக 5 கிலோ தாவினால் உட்காரத்தான் செய்யும் தம்பி, 60-க்கு அது எட்டு சதவீதத்துக்கும் மேல். உங்கள் ஜிம்மில் 1.25 கிலோ பிளேட் எங்காவது மூலையில் தூசி படிந்து கிடக்கும், தேடி எடுங்கள். கம்பியில் பக்கத்துக்கு ஒன்று போட்டால் 62.5. அதற்கும் முன்னால், அதே 60-ல் எண்ணிக்கையை ஏற்றுங்கள். இன்றைக்கு 5, 5, 5 என்றால் அடுத்த முறை 6, 5, 5. மூன்று செட்டிலும் 8 வந்த பிறகு எடையைக் கூட்டலாம். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிற இந்த முறையை 1940-களில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் காயம்பட்ட வீரர்களுக்குப் பயன்படுத்தி, எத்தனை முறை தூக்குவது என்பதுவரை கணக்கு வைத்து எழுதினார், இன்றைய திட்டங்களில் பாதிக்கு அதுதான் தாய்வீடு. ஒரு ஐந்து ஆறானதும் முன்னேற்றம்தான், நோட்டு இல்லையென்றால் அது உங்கள் கண்ணில் படாது. ராத்திரி 2 மணி வரை போன் பார்த்துவிட்டுக் காலையில் எடைக் கம்பியைக் குறை சொல்லக் கூடாது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நல்ல புரோட்டீன் பவுடர் வாங்கினால் அதற்காகவாவது தொடர்ந்து போவேனா? (வாசகர், ஈரோடு)

பதில்: டப்பா தீரும்வரை போவீர்கள். முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம், அப்புறம் சுண்டல், பருப்பு, தயிர், மீன். அதில் பற்றாக்குறை இருந்தால் பிறகு பவுடரைப் பார்க்கலாம்.

கேள்வி: வயது 44. ஜிம்முக்குப் போக வசதியில்லை, வீட்டிலேயே செய்யலாமா? "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே" என்கிறார் மாமியார். ஆம்பளை மாதிரி உடம்பு வந்துவிடுமோ என்றும் பயம். தொடங்கினாலும் நாலு நாளில் விட்டுப்போகிறது. (இல்லத்தரசி, திண்டுக்கல்)

பதில்: அந்த பயத்தை முதலில் விடுங்கள்மா. பெண்களுக்குத் தசையை வளர்க்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஆண்களைவிட மிகக் குறைவு, வருடக்கணக்கில் அதற்கென்றே பாடுபடுகிறவர்களுக்கே அவ்வளவு பெரிய உடம்பு லேசில் வருவதில்லை. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும், அந்த நேரத்தில் எடை தூக்கிப் பழகிய உடம்பு பெரிய துணை.

மாமியார் சொல்வதில் பாதி நியாயம் உண்டு, வீட்டு வேலை லேசுப்பட்டது இல்லை. ஆனால் தண்ணீர் கேன் பத்து வருடமாக அதே 20 லிட்டர்தான், உடம்புக்கு அது எப்போதோ பழகிவிட்டது. சுமை ஏற வேண்டும். பிள்ளைகளின் பழைய ஸ்கூல் பையை எடுங்கள், வார் உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள், உள்ளே 5 கிலோ அரிசிப் பை ஒன்றை வைத்துக் கட்டுங்கள். அதை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது, குனிந்து அதையே வயிற்றை நோக்கி இழுப்பது, தரையிலிருந்து முதுகு வளையாமல் தூக்குவது, பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் கை ஊன்றித் தண்டால். ஒவ்வொன்றும் 10 தடவை, 2 சுற்று. சுலபமானதும் ஒரு கிலோ பருப்பு பாக்கெட்டைச் சேர்த்துப் போடுங்கள்.

நேரத்தைக் கடிகாரத்தில் வைக்காதீர்கள், யாராவது கூப்பிட்டால் போயிற்று. பிள்ளைகள் ஸ்கூல் வேன் ஏறியதும், கதவைச் சாத்திய கையோடு, திங்கள், புதன், வெள்ளி. பாத்திரம் அரை மணி நேரம் தொட்டியிலேயே கிடக்கட்டும்.

கேள்வி: தங்கை கல்யாணம், அப்புறம் காய்ச்சல் என்று ஒரு மாதம் போகவில்லை. செய்ததெல்லாம் வீணா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இல்லை. ஒருமுறை வளர்ந்த தசை, புதிதாக வளர்வதைவிட வேகமாகத் திரும்பிவிடும். முதல் வாரம் பழைய எடையில் பாதி, இன்னும் ரெண்டு தடவை தூக்க முடியும் என்கிறபோதே செட்டை நிறுத்துங்கள். வீராப்பாகப் பழைய எடையையே போட்டால் ரெண்டு நாள் கழித்துப் படி இறங்க முடியாது, அந்த வலியே இன்னொரு வாரத்தைத் தின்றுவிடும். காய்ச்சலுக்குப் பிறகு மூட்டுவலி இன்னும் இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: வயது 68. தினமும் நடக்கிறேன், டாக்டர் எடைப் பயிற்சியும் செய்யச் சொல்கிறார். இனிமேல் என்ன வரப்போகிறது என்ற எண்ணத்தில் நாட்கள் ஓடுகின்றன. (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: ஐயா, 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரியாக 90 வயதுள்ள 10 பேருக்குக் காலுக்கான எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 8 வாரத்தை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. உங்களுக்கு இன்னும் வயது இருக்கிறது.

நடையை நிறுத்த வேண்டாம், நடந்து முடித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்த உடனே செய்யுங்கள், தனியாக ஒரு நேரம் ஒதுக்கினால் தள்ளிப்போகும். கை வைக்காமல் நாற்காலியிலிருந்து 8 முறை எழுந்து உட்காருங்கள், பிறகு கைக்கு ஒன்றாக 2 கிலோ டம்பெல்லைத் தூக்கி இறக்குவது, அதைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் அடக்கவே முடியாது. கூட நடக்கிற நண்பரில் ஒருவரையும் இழுத்துப்போடுங்கள், அவர் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டால் நீங்கள் தப்பிக்க முடியாது. நாற்காலி சுவரோரம் இருக்கட்டும், பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சறுக்கும். வேட்டியும் வேண்டாம் ஐயா, ஒரு டிராக் பேன்ட் வாங்கிக்கொள்ளுங்கள்.