கோயில்ல கட்டுன தாலி, ஆஸ்பத்திரியில வச்ச கைநாட்டு: வீடு யாருக்கு?

கேள்வி: வணக்கம் சார். நாங்க சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்ல பொறந்து வளர்ந்தவங்க. 1979-ல எஸ்டேட் மாரியம்மன் கோயில்லதான் அப்பா அம்மாவுக்குத் தாலி கட்டுனாரு, ரெஜிஸ்டர் எதுவும் பண்ணல. 1996-ல எங்கள விட்டுட்டு டவுனுக்குப் போயி இன்னொருத்தவங்களோட இருந்தாரு, அவங்களுக்கும் 1998-ல கோயில்ல தாலி கட்டிட்டாரு. போன வருஷம் தவறிட்டாரு. தாமான் (குடியிருப்பு) வீட்டு கிராண்ட்ல, அதாவது பத்திரத்துல, அவர் பேரு மட்டும்தான். இப்ப அந்தம்மா ஒரு உயில் காட்டுறாங்க, வீட்டுல பாதி அவங்களுக்கு, பாதி அவங்க முதல் புருஷனுக்குப் பொறந்த மகனுக்காம். அப்பாவுக்குத் தமிழே தட்டுத்தடுமாறிதான் படிக்க வரும், உயிலு இங்கிலீஷ்ல இருக்கு, ஸ்ட்ரோக் வந்து படுத்திருந்தப்ப வச்ச கைநாட்டு. சாட்சி ரெண்டு பேர்ல ஒருத்தி அந்த மகனோட பொண்டாட்டி. "ரெஜிஸ்டரும் இல்ல, விட்டுட்டும் வந்துட்டாரு, உங்கம்மாவுக்கு என்ன உரிமை"ன்னு கேக்குறாங்க. எனக்கும், இன்னும் கல்யாணம் ஆகாத தங்கச்சிக்கும் ஏதாச்சும் உண்டா?
மூத்த மகள், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா பொண்டாட்டியா இல்லையாங்கிற சண்டைய முதல்ல விடுங்கம்மா, அதுல நீங்க பலமாத்தான் இருக்கீங்க. நம்ம மலேசிய நாட்டு திருமண, விவாகரத்துச் சட்டம் 1976-ல வந்தாலும் அமலுக்கு வந்தது 1982 மார்ச் 1-ல, அதுக்கு முன்னாடி வழக்கப்படி நடந்த கல்யாணத்த பதிவு ஆன மாதிரியே சட்டம் எடுத்துக்கும். எத்தன வருஷம் பிரிஞ்சிருந்தாலும் கோர்ட்டு தீர்ப்பு இல்லாம விவாகரத்து ஆகாது. அதனால அந்தம்மாவோட 1998 தாலிதான் செல்லாது, முதல் மனைவி உயிரோட இருக்காங்க இல்லையா. இதே உங்கம்மா கல்யாணம் 1983-ல நடந்திருந்தா நான் இவ்வளவு தைரியமா எழுதியிருக்க மாட்டேன். ஆதாரத்துக்கு உங்க ரெண்டு பேரு சூராட் பெரானா (பொறப்பு சர்ட்டிபிகேட்), கல்யாண போட்டோ, அன்னிக்கு கோயில்ல இருந்த பெரியவங்க யாராவது இருந்தா அவங்க சத்தியப் பிரமாணம், இதெல்லாம் சேருங்க.

ஆனா உயில்ங்கிறது வேற. ஒருத்தர் தன் சொத்த யாருக்கு வேணும்னாலும் எழுதலாம், பொண்டாட்டியா இருக்கணும்னு இல்ல, அந்தம்மா தொங்குறதே அந்த ஒரு பேப்பர்லதான். 1959 உயில் சட்டப்படி ரெண்டு சாட்சியும் ஒரே நேரத்துல கூட இருக்கணும். கைநாட்டு செல்லும், அதப் புடிச்சி தொங்காதீங்க. படிக்கத் தெரியாதவருக்கு இங்கிலீஷ் உயில யாரு படிச்சிக் காட்டுனா, எந்த பாஷையில சொன்னா, அன்னிக்கு அவருக்கு நெனவு தெளிவா இருந்துச்சா, இதுக்கெல்லாம் சந்தேகம் தீர பதில் சொல்ல வேண்டியது உயில கொண்டு வந்தவங்கதான். ஆஸ்பத்திரி மெடிக்கல் ரிப்போர்ட்ட இப்பவே கேட்டு வாங்குங்க. மெரட்டி வாங்குனாங்கன்னு நீங்க சொன்னா மட்டும் அத நிரூபிக்கிறது உங்க தலையில விழும், அதனால லோயர் சொல்லாம அந்த வார்த்தைய எழுதாதீங்க.

மருமகள சாட்சி போட்டதுதான் அவங்க செஞ்ச பெரிய கூத்து. சாட்சிக்கோ, சாட்சியோட புருஷன் பொண்டாட்டிக்கோ எழுதுனது செல்லாது, உயில் மிச்சத்துக்கு நிக்கும். அப்ப அந்த மகனோட பாதி விழுந்துடும், மிச்ச சொத்து யாருக்குன்னு உயில்ல வேற வரி இல்லன்னா அந்தப் பாதி 1958 பங்கீட்டுச் சட்டத்துக்குப் போகும், அப்பாவோட அப்பா அம்மா இல்லன்னா மூணுல ஒரு பங்கு அம்மாவுக்கு, ரெண்டு பங்கு பிள்ளைங்களுக்கு சமமா. உயிலே மொத்தமா விழுந்தா முழு வீட்டுக்கும் இதே கணக்குதான். உயில் நின்னாலும் 1971 குடும்ப ஜீவனாம்சச் சட்டம் ஒண்ணு இருக்கு, மனைவியும் கல்யாணம் ஆகாத மகளும் கோர்ட்டுல பராமரிப்புக்குக் கேக்கலாம், புரோபேட், அதாவது உயில ஏத்துக்கிட்டு கோர்ட்டு குடுக்குற உத்தரவு, கிடைச்ச ஆறு மாசத்துக்குள்ள. உங்களுக்குக் கல்யாணம் ஆயிருந்தா இது உங்களுக்கு வராது, தங்கச்சிக்கு வரும்.

அவசரம் எதுன்னா, ஈப்போ ஹைகோர்ட்டுல உயிலுக்கு எதிரா ஒரு கேவியட், அதாவது எங்களுக்குச் சொல்லாம புரோபேட் குடுக்காதீங்கன்னு ஒரு ஆட்சேபம், போடணும், இல்லன்னா உங்களுக்குத் தெரியாமலே புரோபேட் வாங்கிடுவாங்க. அது ஆறு மாசம்தான் இருக்கும், தேதி பாத்து மறுபடி போடுங்க. லோயருக்குக் காசு இல்லன்னா அரசாங்க சட்ட உதவி இலாகா, ஜபாத்தான் பந்துவான் குவாமான்ல போயி கேளுங்க. சொந்தக்காரங்க யாராவது 'சும்மா ஒரு கையெழுத்து'ன்னு பேப்பர் கொண்டாந்தா அம்மா போடவே கூடாது.

இன்னொண்ணு, அப்பா எஸ்டேட்ல வேலை செஞ்சப்ப இபிஎஃப்-ல (ஊழியர் சேமநிதி) யாரு பேரு நாமினின்னு, அதாவது பணம் யாருக்குப் போகணும்னு எழுதுன பேரு, பாத்தீங்களா? முஸ்லிம் அல்லாதவங்களுக்கு நாமினிக்கே அந்தப் பணம் சொந்தம், உயில் அதத் தொடாது. பழைய காலத்துல அம்மா பேரப் போட்டுட்டு மாத்தாமலே விட்டிருக்கலாம், இறப்பு சர்ட்டிபிகேட்டும் அம்மா ஐசியும் (அடையாள அட்டை) எடுத்துக்கிட்டு ஈப்போ போறப்ப அதையும் ஒரு எட்டு விசாரிச்சிட்டு வந்துடுங்க.