தங்க வேட்டைக் காலத்துத் தனியார் காசுகள்: கேள்வி பதில்

கேள்வி: தனி ஆள் காசு அடிப்பது குற்றமில்லையா அண்ணா?

பதில்: அப்போது இல்லை. மாநிலங்கள் காசு அடிக்கக் கூடாது என்று சொன்ன அமெரிக்க அரசியல் சட்டம், தனியாரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது 1848-இல், சான் பிரான்சிஸ்கோவில் அரசு நாணயசாலை திறந்தது 1854-இல். அதுவரை தங்கப் பொடியைச் சிட்டிகை எடுத்துக் கொடுத்துச் சாமான் வாங்கிய ஊரில் காசுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. தடைச் சட்டம் வந்தது 1864-இல்.

கேள்வி: தங்கம் சரியாக இருந்ததா?

பதில்: ஆளுக்கு ஆள் மாறும். 1849-இல் சால்ட் லேக் சிட்டியில் மார்மன்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அடித்த காசில் 'சுத்தத் தங்கம்' என்பதற்கான முதலெழுத்துகள் இருக்கும், ஆனால் பத்து டாலர் காசில் கிட்டத்தட்ட எட்டரை டாலர் தங்கம்தான். சான் பிரான்சிஸ்கோவின் பால்ட்வின் கம்பெனிக் காசில் சுமார் 3% குறைகிறது என்று 1851-இல் சோதனையில் தெரிந்ததும் ஜனங்கள் வாங்க மறுத்தார்கள், பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டன, அதனால்தான் இன்று அந்தப் பெயருக்கு இவ்வளவு விலை. ஆரிகனில் பீவர் என்ற நீர் விலங்கின் படம் போட்டு அடித்த காசு இதற்கு நேர் எதிர். கலப்பே சேர்க்காமல் கிடைத்த தங்கத்தை அப்படியே அடித்தார்கள், ஐந்து டாலர் காசில் '130 கிரெய்ன்' (பழைய எடை அளவு) என்று எடையும் இருக்கும். அரசுக் காசைவிடத் தங்கம் அதிகம், அதனாலேயே அதுவும் உருக்கப்பட்டது! கிடைத்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள்: மரக்கட்டை மேல் பீவர், அதற்கு மேல் பங்குதாரர்களின் முதலெழுத்துகள், அதில் 'சி' வரவேண்டிய இடத்தில் 'ஜி'. எனக்கு மிகப் பிடித்த காசு இதுதான்.

கேள்வி: எட்டு மூலை ஐம்பது டாலர் காசு?

பதில்: 1851-இல் வந்தது. அரசு நியமித்த தங்க மதிப்பீட்டாளர் அகஸ்டஸ் ஹம்பர்ட்டின் முத்திரை. எடை ஏறக்குறைய 85 கிராம், நம் கணக்கில் பத்தரைச் சவரன். முதலில் வந்தவற்றில் விளிம்பிலேயே அவர் பெயரும் பதவியும் ஓடும். நகையாக மாட்டிப் பிறகு பற்றவைப்பைச் சுரண்டியவையும் விற்பனைக்கு வருகின்றன, விளிம்பைத் திருப்பிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: கரடி படம் போட்ட கலிபோர்னியா குட்டிக் காசு ஆன்லைனில் மலிவாக வருகிறதே?

பதில்: வேண்டாம். அசலில் 'டாலர்' அல்லது 'சென்ட்' என்று மதிப்பு பொறித்திருக்கும். கரடி இருந்தால் அது நினைவுப் பொருள், காசு இல்லை.

கேள்வி: கையில் பணம் குறைவு சார், எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: வட கரோலினாவின் பெக்ட்லர் குடும்பத்தார் அடித்த ஒரு டாலர் தங்கக் காசு. 1831-இலேயே தொடங்கினார்கள், அரசு ஒரு டாலர் தங்கக் காசு 1849-இல்தான் வந்தது. எடையும் காரட்டும் பெரும்பாலும் காசிலேயே இருக்கும். பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற காசுச் சோதனை நிறுவனங்களின் உறையில் உள்ளதையே வாங்குங்கள். தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, மெருகேற்றியது மட்டும் வேண்டாம்.