தானே சுத்தமாகும் கூலிங் பெயிண்ட் வாங்கலாமா?

கேள்வி: மதுரையில் எங்கள் மாடியறை இரவு பதினொரு மணிக்கும் கொதிக்கிறது. மொட்டை மாடிக்கு கூலிங் பெயிண்ட் அடிக்கலாம் என்று கடைக்குப் போனேன். "இது நானோ பெயிண்ட், டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறது, தூசியைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், 15 டிகிரி குறையும்" என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கூலிங் பெயிண்ட் தாராளமாக அடியுங்கள். அந்த இரண்டு மடங்கு விலை மட்டும் வேண்டாம்.

பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சூட்டை அறைக்குள் விடுகிறது. வெள்ளைப் பூச்சு வெயிலை மேலேயே திருப்பிவிடும். கோடைக்கு முன் மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் இதற்காகத்தான். என்ன, அது ஒரு மழைக்காலத்தில் கரைந்துவிடும்.

டைட்டானியம் விஷயத்தில் பாதிதான் உண்மை. புற ஊதா ஒளி பட்டால் டைட்டானியம் டை ஆக்சைடு தண்ணீரையே பிரிக்கும் என்று ஜப்பான் விஞ்ஞானிகள் புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-ல் எழுதினார்கள். ஒளி பட்டால் பிசுக்கையும் சிதைக்கும் இந்தக் குணத்தை வைத்து 2001-ல் பில்கிங்டன் என்ற கண்ணாடி நிறுவனம் தானே சுத்தமாகும் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு ஏற்றது டைட்டானியம் டை ஆக்சைடில் அனடேஸ் என்ற படிக வகை. பெயிண்டில் வெண்மைக்காகச் சேர்ப்பது பெரும்பாலும் ரூட்டைல் என்ற இன்னொரு வகை. அந்தத் துகள்களையும் சிலிக்கா, அலுமினா பூசி அடக்கித்தான் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் பெயிண்டின் பசையையே தின்று மாவாக உதிர வைத்துவிடும். டைட்டானியம் ஏறக்குறைய எல்லா வெள்ளை பெயிண்டிலும் இருக்கிறது. அதற்கா கூடுதல் பணம்?

அப்படியே அனடேஸ் இருந்தாலும் அது சிதைப்பது புகை, எண்ணெய்ப் பிசுக்கு போன்றவற்றைத்தான். மண் தூசியை மழைதான் கழுவ வேண்டும். சரிவான கண்ணாடியில் தண்ணீர் வழிந்தோடும். தட்டையான மொட்டை மாடியில் தேங்கும். உங்கள் தண்ணீர்த் தொட்டியின் ஓரம் பாருங்கள், வழிந்து காய்ந்த இடம் பச்சையும் கறுப்புமாக இருக்கும். அந்த இடம் வெயிலைத் திருப்பாது. பங்குனியில் ஒரு முறை துடைப்பமும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துவிடுங்கள், போதும்.

15 டிகிரி என்பது தளத்தின் மேல்பரப்பிலா, அறைக்குள்ளா என்று கேளுங்கள். மேல்பரப்பில் அவ்வளவு குறையும், நம்பலாம். அறைக்குள் இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலே நல்ல பலன்.

அப்புறம் எஸ்.ஆர்.ஐ. எண் கேளுங்கள். வெயிலில் ஒரு பரப்பு எவ்வளவு சூடாகாமல் இருக்கும் என்று காட்ட, கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்று வைத்த அளவு அது. புதிதாக அடித்தபோது உள்ள எண்ணோடு, மூன்று வருடம் வெயிலில் கிடந்த பிறகு உள்ள எண்ணும் வேண்டும். லீட் என்ற பசுமைக் கட்டடச் சான்றிதழின் நான்காம் பதிப்பு தட்டைக் கூரைக்குப் புதிதில் 82, மூன்று வருடத்தில் 64 என்று வைத்திருக்கிறது. இரண்டாவது எண் இல்லை என்றால் வேறு கம்பெனி பாருங்கள்.

விரிசலையும் நீர்க்கசிவையும் முதலில் சரிசெய்யுங்கள். பிறகு ஒரே ஒரு லிட்டர் வாங்கி, மூன்றடிச் சதுரத்துக்கு இரண்டு கோட் அடியுங்கள். மதியம் இரண்டு மணிக்கு அதன் மேலும் பக்கத்துத் தரையிலும் கை வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். ஒரு மாதம் கழித்து விரலால் தேயுங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் அந்த பெயிண்ட் வேண்டாம்.