அச்சுக்குக் கொடுக்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் வரலாற்றை டெமி அளவில் 500 பிரதி போடப் போகிறோம். 164 பக்கம் வருகிறது. "160 ஆக்கிக் கொடுங்கள்" என்கிறார் அச்சகத்துக்காரர். நான்கு பக்கத்தில் என்ன வந்துவிடப் போகிறது? 1,000 பிரதிக்குச் சொன்ன தொகையில் பாதியாவது 500க்குக் குறைய வேண்டாமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: அவர் சொல்வது நியாயம்தான். புத்தகத்தை நாம் பக்கம் பக்கமாகப் பார்க்கிறோம். அச்சகம் ஃபாரம் ஃபாரமாகப் பார்க்கும். 18 x 23 அங்குலத் தாள் ஒன்றில் முன்புறம் 8, பின்புறம் 8 என்று டெமி 1/8 அளவில் (வெட்டிய பின் 140 x 216 மி.மீ. பக்கம்) 16 பக்கம் அடங்கும். அதுதான் ஒரு ஃபாரம். 160 பக்கம் என்றால் சரியாகப் பத்து ஃபாரம். 164 என்றால் பத்தேகால். அந்தக் கால் ஃபாரத்துக்குத் தாள் கொஞ்சம்தான் ஆகும். ஆனால் தனி பிளேட் (அச்சுத் தகடு) போட வேண்டும், மெஷினை மறுபடி செட் செய்ய வேண்டும், பைண்டிங்கில் இரண்டே இரண்டு இதழை (முன்பின் இரு பக்கம் கொண்ட ஏட்டை) தனியாக எடுத்துச் சேர்க்க வேண்டும். நன்கொடையாளர் பட்டியலை இரண்டு பத்தியாக்கினாலோ எழுத்தை 12 பாயிண்டிலிருந்து 11.5க்கு இறக்கினாலோ நான்கு பக்கம் தானாகக் குறையும். குறைக்கவே முடியாது என்றால் 168 ஆக்குங்கள். அரை ஃபாரம், வேலை சுத்தமாக முடியும்.

இப்போது கணக்கு. 10 ஃபாரம் x 500 பிரதி = 18 x 23 அளவில் 5,000 தாள். கடையில் வாங்கும் 23 x 36 தாளை இரண்டாக வெட்டினால் இந்த அளவு கிடைக்கும். ஆகவே 2,500 பெரிய தாள், அதாவது 5 ரீம் (ரீமுக்கு 500 தாள்). ஒரே வண்ணம் என்றாலும் ஃபாரத்துக்கு முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என இரண்டு வீதம் 20 பிளேட். ஒவ்வொரு ஃபாரத்துக்கும் மை சமன்படும் வரை 50 முதல் 100 தாள் வீணாகும். 500 பிரதி போட்டாலும் 1,000 போட்டாலும் இந்த 20 பிளேட்டும், செட் செய்யும் கூலியும், பெரும்பாலான கழிவும் அப்படியேதான் இருக்கும். குறைவது தாளும் மெஷின் ஓட்டும் கூலியும் பைண்டிங்கும் மட்டுமே. பாதிக்குப் பாதி குறையாததற்குக் காரணம் இதுதான். 50, 100 பிரதி போதும் என்பவர்கள் பிளேட் வைத்து அடிக்கும் இந்த ஆஃப்செட்டை மறந்துவிட்டு, பிளேட்டே தேவைப்படாத டிஜிட்டல் அச்சுக்குப் போகலாம்.

இன்னொன்று: தாளுக்குப் பணம் நீங்களே கட்டுவதாக இருந்தால் ரீமை எடை போட்டுப் பாருங்கள். 23 x 36 அளவில் 500 தாள், 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் 70 கிராம்) என்றால் சுமார் 18.7 கிலோ வர வேண்டும். 16 கிலோதான் நின்றால் உங்கள் கையில் இருப்பது 60 ஜிஎஸ்எம். மறுபக்க எழுத்து நிழலாகத் தெரியும்.

கேள்வி: அதே போன்ற புத்தகத்தில் எட்டுப் பக்கம் மட்டும் வண்ணப் படங்கள் வேண்டும். முழுப் புத்தகத்தையும் மல்டிகலரில் போடச் சொல்கிறார்கள்.
— வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்து 1 முதல் 16 வரை எண் போட்டு விரித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 இருக்கும். மற்றவை எல்லாம் மறுபக்கம். வண்ணப் படங்கள் இந்த எட்டில் விழும்படி அமைத்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் மைக்கு ஒன்றாக நான்கு பிளேட், மறுபக்கத்துக்கு ஒன்று என ஐந்தில் முடியும். படங்கள் அடுத்தடுத்து வர வேண்டுமென்றால் எட்டுப் பக்கத்தை வழவழப்பான ஆர்ட் பேப்பரில் தனியாக அடித்து இரண்டு ஃபாரங்களுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள். படத்துக்கு, புத்தகத்தின் உள்பக்கங்களுக்குப் போடும் சாதாரண மேப்லித்தோ தாளைவிட அதுவே அழகு.

கேள்வி: திரையில் பளிச்சென்ற நீலம் அச்சில் ஊதாவாகிவிட்டது. கருப்புப் பின்னணியும் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது. மை மட்டமா?
— வாசகர், சேலம்

பதில்: மையைக் குறை சொல்ல முடியாது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மையால் காட்டுகிறது. திரையின் அந்த மின்னும் நீலம் இந்த நான்கின் எல்லைக்குள் இல்லவே இல்லை. ஃபைலை நான்கு வண்ண முறைக்கு மாற்றிய பிறகு எண்களைப் பாருங்கள். சியான் 100, மெஜந்தா 100 என்று இருந்தால் ஊதா நிச்சயம். மெஜந்தா 70ஐத் தாண்டாமல் வைத்தால் நீலம் நீலமாக நிற்கும். தங்க நிறமும் அப்படித்தான்: நான்கு மையில் வருவது ஒரு பழுப்பு மஞ்சள். அழைப்புப் பத்திரிகையில் தங்கம் மின்ன வேண்டுமானால் தனி மெட்டாலிக் மை, அல்லது ஃபாயில் (மின்னும் மெல்லிய படலம்).

கருப்புக்கு இரண்டு விதி. பெரிய பரப்பு என்றால் கருப்பு 100 உடன் சியான் 40, மெஜந்தா 30, மஞ்சள் 30 சேர்த்தால் அடர்த்தி வரும். எழுத்துக்கு நேர் எதிர்: கருப்பு 100 மட்டும், வேறு மை கலக்கவே கூடாது. நான்கு மையில் எழுத்தை அடித்தால், ரெஜிஸ்டர் (மைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது) ஒரு மயிரிழை விலகினாலும் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். வேர்டிலிருந்தோ படங்களிலிருந்தோ வரும் 'கருப்பு' பெரும்பாலும் இந்த வகைதான். அடர்ந்த பின்னணியில் வெள்ளை எழுத்து விடுபவர்கள் 8 பாயிண்டுக்குக் கீழே இறங்காதீர்கள். நம் ண, ஞ, ஜ சுழிகளில் மை அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அட்டைக்குப் போடலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: அச்சளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வரும் 1,600 புள்ளி நீளமுள்ள படம் ஐந்தேகால் அங்குலம் வரைதான் தாங்கும். அதை இழுத்துப் பெரிதாக்கி 300 என்று எழுதிக்கொண்டால் எண்தான் மாறும், படம் தெளியாது. எடுத்தவரிடம் அசலை மின்னஞ்சலில், அல்லது வாட்ஸ்அப்பிலேயே 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: விசிட்டிங் கார்டின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. கட்டிங் சரியில்லையா?
— வாசகர், ஈரோடு

பதில்: பிளீட், அதாவது வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் ஓடும் கூடுதல் நிறம், விடவில்லை. நூற்றுக்கணக்கான தாளை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டும்போது மேல்தாளும் அடித்தாளும் கொஞ்சம் நகரத்தான் செய்யும். பின்னணி நிறத்தை நான்கு புறமும் 3 மி.மீ. கூடுதலாக ஓட விடுங்கள். 89 x 51 மி.மீ. கார்டுக்கு ஃபைல் 95 x 57. எழுத்தும் லோகோவும் வெட்டுக்கோட்டிலிருந்து 4, 5 மி.மீ. உள்ளே இருக்கட்டும். ஓரத்தை ஒட்டி பார்டர் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். அரை மில்லிமீட்டர் விலகினாலே கோணலாகத் தெரியும்.

கேள்வி: அச்சகத்தில் ஃபைலைத் திறந்தால் "கொ" உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கின்றன. பழைய கட்டுரைகளிலோ ஆங்கிலச் சொற்கள் எல்லாம் புரியாத தமிழாகிவிட்டன.
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இரண்டும் வேறு வேறு நோய். முதலாவது, பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் யூனிகோட் தமிழுக்கு 'வேர்ல்டு ரெடி' பாராகிராஃப் கம்போஸரைத் தேர்ந்தெடுக்காததால் வருவது. இரண்டாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றும்போது நேர்வது. அந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால், மாற்றும் மென்பொருளுக்கு உண்மையான ஆங்கிலம் எது என்று தெரியாது. ஆங்கிலச் சொற்களை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள். அச்சகத்துக்கு எப்போதும் எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப் மட்டுமே கொடுங்கள்.

கேள்வி: அட்டையில் முதுகுக்கு (புத்தகத்தின் தடிமனை மூடும் பகுதிக்கு) எவ்வளவு இடம் விடுவது?
— வாசகர், விருதுநகர்

பதில்: குத்துமதிப்பாக விடாதீர்கள். அச்சாகப் போகும் அதே தாளில் 100 இதழை அழுத்திப் பிடித்து வெர்னியர் அளவுகோலில் அளந்து பாருங்கள். 9.5 மி.மீ. வந்தால் 160 பக்கத்துக்கு, அதாவது 80 இதழுக்கு 7.6 மி.மீ. டெமி அட்டையின் விரித்த அகலம் 140 + 7.6 + 140, அதோடு பிளீட் 6, மொத்தம் 293.6 மி.மீ. உயரம் 216 + 6 = 222. அட்டைத் தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மடிப்பில் வெடிக்கும். ஒரு துண்டை ஒரு புறம் நனைத்தால் அது குழாய்போல் சுருளும். குழாயின் நீளவாக்கே இழையின் திசை.